வண்டிச் சத்தம்

ஸ்ரீரங்கம்,
6-2-1962

அரியமங்கலம் வாடகைக் கார் உரிமையாளர் பரக்கத் அலி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைதோறும் உங்களுடைய லேண்ட்மாஸ்டர் காரில் தஞ்சாவூர் போய்வரும் ஸ்ரீரங்கத்துத் தம்பதி நாங்கள். என் கணவர் அழகர்சாமியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூறியவர். நான் இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை.

உங்கள் டிரைவர் தைரியராஜ் நேரம் தவறுவதில்லை. காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகளுக்கு வழிவிடும் பண்பும் அவரிடம் இருக்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான். வண்டிச் சத்தம் மிக அதிகம். போன வாரம் இதைத் தைரியராஜிடம் சொன்னேன். "அதெல்லாம் முதலாளிகிட்டதாம்மா பேசணும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் உங்கள் வண்டியிலேயே தொடர்ந்து வருவோம். இல்லையென்றால் வேறு வண்டி பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கமலவல்லி


அரியமங்கலம்,
9-2-1962

மரியாதைக்குரிய டீச்சரம்மா அவர்களுக்குப் பரக்கத் அலி எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. மனசு கஷ்டப்பட்டது. இத்தனை வருஷத் தொழிலில் என் சத்தம் அதிகம் என்று ஒருவரும் சொன்னதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரர்களை விசாரித்துப் பாருங்கள். ஆளைப் பார்த்து ஒரு சத்தம், அவர் போட்டிருக்கும் செருப்பைப் பார்த்து ஒரு சத்தம் சொல்வார்கள். நம்மிடம் அந்தப் பேச்சே கிடையாது. கலெக்டர் ஏறினாலும் ஒரே சத்தம், கருவாட்டு வியாபாரி ஏறினாலும் ஒரே சத்தம். பெட்ரோல் விற்கிற விலையில் இதற்குமேல் குறைத்தால் வண்டியை நானும் தைரியராஜும் தஞ்சாவூர்வரை தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏலக்கார ஐயாவை யாருக்குத் தெரியாது? காந்தி மார்க்கெட்டில் அவர் ஒரு குரல் விட்டால் பாலக்கரையில் கேட்கும். ஒரு தாருக்காக ஊரையே மோதவிட்டு விலையை ஏற்றிய மனிதர். அவர் வீட்டிலிருந்தா சத்தத்தைக் குறை என்று கடிதம் வருகிறது என்று என் மனைவி ஷரபுன்னிசா சிரிக்கிறாள். ஐயா வண்டியில் ஏறினால் இறங்கும்வரை தன்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தைரியராஜ் சொன்னான். எங்களோடு பேசுவது அவர் தகுதிக்குக் குறைவு என்றால் இருக்கட்டும். பேரத்துக்காவது அவரே வாயைத் திறந்திருக்கலாம். வீட்டுப் பெண்களை விட்டு எழுதச் சொல்லியிருக்க வேண்டாம்.

பரக்கத் அலி


ஸ்ரீரங்கம்,
12-2-1962

பரக்கத் அலி பாய் அவர்களுக்கு,

இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்று ஒரு பாடம் இருக்கிறது. வருஷாவருஷம் நடத்துகிறேன். நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். இனி உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டலாம். நான் எழுதிய சத்தம் வாடகை அல்ல, இரைச்சல். உங்கள் வாடகை நியாயமானது. இரைச்சல்தான் அநியாயம்.

என் கணவர் தகுதி பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பவர் அல்லர். அவருக்குக் குரல் இல்லை. ஐப்பசியில் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. பாலக்கரைவரை கேட்ட குரலில் மிச்சமிருப்பது காதருகே வந்தால் கேட்கும் ஒரு கிசுகிசுப்பு மட்டும். அதைக் காப்பாற்றத்தான் வாராவாரம் தஞ்சாவூர் டாக்டரிடம் போகிறோம். அவர் போட்டிருக்கும் கட்டளை ஒன்றுதான். எந்த இரைச்சலுக்கு மேலும் குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் இருப்பதும் போய்விடும். அப்புறம் வைத்தியம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் மாவு மில், இன்னொரு பக்கம் பித்தளைப் பாத்திரம் தட்டும் பட்டறை. அதனால் வீட்டில் அவர் பேசுவதில்லை. என் மாணவி ஒருத்தியின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். வாரம் முழுக்க எழுதி அலுத்துப்போன மனிதர், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பேச ஆசைப்படுகிறார். துவாக்குடி போவதற்குள் உங்கள் எஞ்சினோடு போட்டி தொடங்கிவிடுகிறது. போட்டியில் பின்வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. நான் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் தஞ்சாவூர் போய்ச் சேருகிறேன். தைரியராஜ் பாதையைப் பார்த்து ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு இது தெரிந்திருக்காது.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். குரல் போனது மார்க்கெட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவருடைய விருப்பம். இப்போது உங்களுக்கு மட்டும் தெரியும்.

வேறு வண்டி பார்ப்பேன் என்று மிரட்டியிருந்தேன் அல்லவா? பார்த்தேன். உங்களுடையதுதான் இருப்பதிலேயே அமைதியானதாம். மிரட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கமலவல்லி


அரியமங்கலம்,
16-2-1962

டீச்சரம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஷரபுன்னிசாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போன கடிதத்துல நான் சிரிச்சேன்னு எழுதினீங்கள்ல? இப்ப அழுதேன்னும் எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஐயா ஏலம் கூறுவதைக் கேட்பதற்காகவே மார்க்கெட் பக்கம் போனால் நின்றுவிடுவேன். ஒருமுறை அந்த ஜோரில் என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். ஒரு வண்டி வாழைத்தார் என் பேருக்கு முடிந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வாழைக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல், வாழைக்காய் பஜ்ஜி. ஷரபுன்னிசா இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு மட்டும் அதில் ஒரு வருத்தமும் இல்லை. அப்படிப்பட்ட குரல் அது.

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அது ஓட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் பாடுபட்டிருக்கிறேன். கேட்கக் கூடாது என்று பாடுபட்டதில்லை. இப்போது தொடங்குகிறேன். முதலில் கதவுக்குள்ளும் ஸீட்டுக்கு அடியிலும் கோணிச் சாக்கு. அது போதவில்லையென்றால் கூரைக்கு இலவம்பஞ்சு. இன்ஷா அல்லா, ஐயா சொல்வது உங்களுக்குக் கேட்கும்படி செய்துவிட்டுத்தான் ஓய்வேன். ஐயா விஷயம் எங்கள் இருவரையும் தாண்டிப் போகாது. தைரியராஜுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சத்தியம் செய்திருக்கிறான். மாதாகோவில் மேல் செய்தது, அதனால் நம்பலாம்.

பரக்கத் அலி


ஸ்ரீரங்கம்,
5-3-1962

பாய் அவர்களுக்கு,

உங்கள் முயற்சிகளின் பலனை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சாக்கு. ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் மூக்கை உறிஞ்சினார். கதவை முகர்ந்து பார்த்தார். என் காதருகே வந்து, "இது மல்லி மூட்டை" என்றார். என்னைத் தாண்டிக் குனிந்து அந்தப் பக்கக் கதவையும் முகர்ந்தார். "இது புளி. பழசு" என்றார். மார்க்கெட்டைவிட்டு விலகிய பிறகு அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இரைச்சல் அப்படியே இருந்தது. கொத்தமல்லி வாசனையோடு வந்தது என்பதுதான் வித்தியாசம்.

அடுத்த வாரம் பஞ்சு. கூரைத் துணியில் தையல் எங்கேயோ விட்டிருக்க வேண்டும். செங்கிப்பட்டியிலிருந்து எங்கள் தலையில் பஞ்சு இறங்கிக்கொண்டே வந்தது. சிரிக்கக் கூடாது என்று அவரைக் கண்ணால் அதட்டினேன். என் மூக்கு நுனியிலும் பஞ்சு இருந்ததால் அதட்டலுக்கு மரியாதை கிடைக்கவில்லை. எங்களைப் பார்த்த டாக்டர் இருவரில் நோயாளி யார் என்று ஒரு கணம் யோசித்தார்.

அதன் பிறகு நடந்தது வேடிக்கை அல்ல. தொண்டைக்குள் பார்த்துவிட்டு, மறுபடி வீங்கியிருக்கிறதே, வழியில் கத்தினாரா என்று கேட்டார். வல்லம் பக்கத்தில் இரண்டு வார்த்தை பலமாகச் சொன்னார், அவ்வளவுதான் என்றேன். "ரெண்டு வார்த்தை போதும்மா. இன்னும் ரெண்டு தடவை இப்படி நடந்தா, இந்தக் குரலும் இருக்காது" என்றார். திரும்பி வரும்போது என் கணவர் வாயே திறக்கவில்லை. நான் பொத்த வேண்டியும் இருக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு வார்த்தை என்னவென்று எனக்குக் கேட்கவும் இல்லை.

நான் எஞ்சின் தெரிந்தவள் அல்லள். ஆனால் எங்கள் தெருக்கோடியில் தாயுமானவன் என்றொரு மிருதங்கக்காரர் இருக்கிறார். நேற்று அவர் வாசித்துப் பார்க்கும்போது நின்று கவனித்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத்தை வெறுமனே தட்டினால் 'டங்' என்கிறது. நடுவில் ஒரு உருண்டை ரவையைப் பிசைந்து அப்பிய பிறகு தட்டினால் 'தும்' என்று அடங்கிவிடுகிறது. அதை அவர் துணியால் போர்த்தவில்லை, கனம் ஏற்றினார். உங்கள் வண்டிக் கதவைத் தட்டிப் பாருங்கள். சாக்குக்கு முன்னும் 'டங்', சாக்குக்குப் பின்னும் 'டங்'. கதவு ஒரு தோல் என்று வைத்துக்கொண்டால், நாம் அதைப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். அதன்மேல் எதையாவது கனமாக ஒட்ட வேண்டுமோ என்று தோன்றுகிறது. தமிழாசிரியையின் யோசனை. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

கமலவல்லி


அரியமங்கலம்,
20-3-1962

டீச்சரம்மா அவர்களுக்கு,

முதலில் எறும்பு விஷயம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டையில் இருந்தேன். தைரியராஜ் பிரித்திருக்கிறான். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். 'ரவை' என்ற சொல் வந்ததும் மேலே படிக்கவில்லை. வீட்டில் சொல்லிப் பிசைந்து வாங்கி, நான்கு கதவுக்குள்ளும் அப்பிவிட்டான். அவன் சம்சாரம் பழக்கதோஷத்தில் உப்பும் போட்டிருக்கிறாள். அதில்தான் உங்களை அந்தச் சனிக்கிழமை அழைத்துப்போயிருக்கிறான். ஐயாவின் வேட்டிக்குள் எறும்பு ஏறிய விவரத்தை அவனே ஒப்புக்கொண்டான். அப்படியும் ஐயா வாயைத் திறக்காமல் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாராம். ஆபரேஷனைத் தாங்கிய மனிதர் என்பது இப்போது எங்களுக்கும் நன்றாகத் தெரிகிறது.

திட்டிவிட்டுக் கதவைத் தட்டினேன். 'தும்' என்றது. திட்டுவதை நிறுத்திவிட்டேன். யோசனை சரி, பண்டம்தான் தப்பு.

ரவையைச் சுரண்டி எடுத்தோம். மொட்டை மாடி ஒழுகாமல் இருக்கப் போடுவார்களே, தார் தோய்த்த அட்டை, அதை வாங்கித் துண்டு போட்டுக் கரியடுப்பில் இளக்கித் தகட்டோடு தகடாக அழுத்தி ஒட்டினேன். கதவு, தரை, கூரை, ஸீட்டின் முதுகு எதையும் விடவில்லை. அதற்குமேல் குதிரைச் சேணத்துக்கு அடியில் போடும் தடித்த கம்பளி. இவ்வளவு செய்தும் இரைச்சல் பாதிதான் குறைந்தது. பாக்கிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஷெட் கதவைச் சாத்தி இருட்டாக்கி, எஞ்சின் பக்கம் விளக்கை வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் மிதி வரும் ஓட்டை, கிளட்ச் மிதி வரும் ஓட்டை, வயர் நுழையும் ஓட்டை எல்லாம் நட்சத்திரம்போல் தெரிந்தன. வெளிச்சம் வரும் வழியில்தான் சத்தமும் வந்துகொண்டிருந்தது. பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒவ்வொன்றாக அடைத்தேன்.

சோதித்துப் பார்க்கத் தைரியராஜை ஓட்டச் சொல்லி, ஷரபுன்னிசாவை முன்னால் உட்காரவைத்து நான் பின்னால் உட்கார்ந்தேன். திருவெறும்பூர் தாண்டியதும், அவளுக்குக் கேட்கிறதா பார்ப்போம் என்று, அவள் அண்ணனைப் பற்றி நான் எப்போதும் முணுமுணுக்கும் விஷயத்தை அதே முணுமுணுப்பில் சொன்னேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள். சந்தோஷத்தில், "கேக்குதா, கேக்குதா" என்று துள்ளிவிட்டேன். "இதுக்கு எதுக்குங்க தாரும் கம்பளியும்? இவ்வளவு நாளும் கேட்டுச்சு. பதில் சொல்லலே, அவ்வளவுதான்" என்றாள்.

எனவே சோதனை முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வண்டி வரும். தார் வாசனை கொஞ்சம் இருக்கும்.

பரக்கத் அலி


ஸ்ரீரங்கம்,
26-3-1962

பாய் அவர்களுக்கு,

தார் வாசனை இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

பாலம் ஏறும்போதே தெரிந்துவிட்டது. தைரியராஜ் எஞ்சினை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். வெளியே பார்த்தால் வண்டி ஓடுகிறது. உங்கள் கைக்கு என்ன மரியாதை செய்வது என்று தெரியவில்லை. பள்ளியில் பரிசளிப்பு விழாவில் எத்தனையோ பேரை மேடையேற்றிப் பாராட்டிப் பேசியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் எதற்காகப் பாராட்டப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களை எதற்காகப் பாராட்ட வேண்டும் என்பது நன்றாகத் தெரிகிறது. சொல்லத்தான் வரவில்லை.

பெரிய இரைச்சல் போனதும் சின்ன இரைச்சல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் ஸீட்டின் ஸ்பிரிங். அடுத்தது என் கைவளையல், கழற்றிப் பையில் போட்டேன். பிறகு தைரியராஜ் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சும் பழக்கம். "ரொம்ப நாளா இருக்குதும்மா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். அப்படியும் வண்டிக்குள் ஒரு சத்தம் பாக்கி இருந்தது. என் கணவர் என் கையைத் தொட்டார்.

"கமலம், மெதுவாப் பேசு."

நான் அப்போது தைரியராஜிடம் உங்களைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சாதாரணமாகத்தான் பேசுகிறேன் என்றேன்.

"இல்ல. நீ மாவு மில்லுக்கு மேல பேசிப் பழகிட்டே. நீ ஒரு படி ஏறினா நானும் ஏறணும்னு தோணுது. ஏலத்துல அப்படியே பழகிப்போச்சு."

இத்தனை வாரமும் அவர் தொண்டையை உங்கள் எஞ்சின் மட்டும் கெடுக்கவில்லை, பாய். பக்கத்தில் உட்கார்ந்து, "பேசாதீங்க, பேசாதீங்க" என்று கடைசி பெஞ்சுக்கு எட்டும் குரலில் சொல்லிக்கொண்டு வந்த நானும்தான். அதற்குத் தார் அட்டை கிடையாது. நானே தாழ்த்திக்கொண்டேன். என் தாழ்ந்த குரல் எப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது. நன்றாயிருக்கிறது என்றார்.

பிறகு அவர் பேசினார். செங்கிப்பட்டிவரை பேசினார். ஏலம் என்றால் கத்துவது என்று நான் கல்யாணமானதிலிருந்து நினைத்திருந்தேன். கத்துவது ஊருக்காகவாம். தொழில் காதில் இருக்கிறதாம். விலை கேட்பவன் குரலில் இன்னும் மூச்சு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று தெரிந்தால்தான் ஏலத்தை எங்கே முடிப்பது என்று தெரியுமாம். இப்படி ஒரு மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இதைக் கேட்க எனக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் வேண்டியிருந்தது.

தொண்டையில் வீக்கம் இல்லை என்றார் டாக்டர்.

கமலவல்லி


அரியமங்கலம்,
11-4-1962

டீச்சரம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஷரபுன்னிசாவுக்கு மூன்று முறை வாசிக்க வேண்டியிருந்தது. நான்காம் முறை நானாகவே வாசித்தேன்.

வண்டியின் பேர் பரவிவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வந்து, பெண் பார்க்க வந்தவர்கள்போல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கதவைத் தட்டிக் காது வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் வியாபாரத்தில் ஒரு சிக்கல். போன வாரம் ஒரு கல்யாணக் கோஷ்டி எடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித் தங்களுக்குள் மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் தாய்மாமன். மற்ற வண்டிகளில் இந்தப் பேச்சு யாருக்கும் தெரியாமல் காற்றோடு போயிருக்கும். திருவானைக்கோவிலில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசித் தீர்த்துக்கொண்டார்களாம். வாடகை கொடுக்கும்போது, "அடுத்த தடவை சத்தமுள்ள வண்டியா அனுப்புங்க பாய்" என்றார்கள்.

தைரியராஜுக்கும் ஒரு சங்கடம். ஐயா பேசுவது அவனுக்கும் கேட்கிறது. புருஷன் பொண்டாட்டி பேச்சை ஒட்டுக் கேட்பது பாவம் என்று, மிஞ்சிய இலவம்பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். பின்னால் வரும் லாரி ஹாரனுக்குப் பாவம் புண்ணியம் தெரியாது என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டேன். இப்போது ஐயா பேசத் தொடங்கினால் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொள்கிறானாம். ஏலக் கதை வரும்போது மட்டும் ஜெபம் நின்றுவிடுகிறது என்று என்னிடம் ஒத்துக்கொண்டான்.

கல்யாணக் கோஷ்டி வராவிட்டால் போகட்டும். கம்பளியை நான் எடுக்கப்போவதில்லை.

பரக்கத் அலி


ஸ்ரீரங்கம்,
4-6-1962

பாய் அவர்களுக்கு,

டாக்டர் சிகிச்சையை முடித்துவிட்டார். குரல் வந்தமட்டும் வந்தாகிவிட்டது, இதற்குமேல் ஏறாது, இவர் ஒழுங்காக இருந்தால் இனி இறங்கவும் இறங்காது என்றார். கிசுகிசுப்பாக இருந்தது இப்போது ஒரு அறைக்குள் கேட்கும் குரலாகியிருக்கிறது. அறை அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இனி தஞ்சாவூருக்கு வரத் தேவையில்லை, தை பிறந்ததும் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் தைரியராஜ் எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். உங்கள் செலவில் என்று பிறகுதான் சொன்னார்.

ஆகவே சனிக்கிழமைகளில் இனி எங்களுக்காக வண்டியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. என் கணவர் சொல்லச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பாயை ஒருநாள் கூட்டி வா. நேர்ல சொல்லணும். எழுத்துல எழுதினா கணக்கு மாதிரி இருக்கும்."

நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

கமலவல்லி


அரியமங்கலம்,
8-6-1962

டீச்சரம்மா அவர்களுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். இதைவிட நல்ல சேதி இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஷரபுன்னிசா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேமியா பாயசம் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், வண்டி நல்லா ஓடுது என்று சொல்லிவைத்தாள். ஐயா விஷயம் வெளியே போகக் கூடாது அல்லவா?

சனிக்கிழமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சரி. அன்றைக்கு வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்கிறேன். நேற்று ஒருவர் கேட்டார். வண்டி வேலையில் இருக்கிறது என்று தைரியராஜ் சொல்லி அனுப்பிவிட்டான். என்ன வேலை என்று கேட்டேன். கதவைத் துடைக்கத் தொடங்கினான்.

ஐயாவுக்கு என் சலாம்.

பரக்கத் அலி


ஸ்ரீரங்கம்,
11-6-1962

பாய் அவர்களுக்கு,

சனிக்கிழமை வண்டி வேண்டாம் என்று எழுதியதை ரத்து செய்கிறேன்.

நேற்று முன்தினம் காலையில், வழக்கமான நேரத்துக்கு என் கணவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். டாக்டர் வர வேண்டாம் என்றதை ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினார். வண்டியை வேண்டாம் என்று எழுதிவிட்டதையும் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். உள்ளே மட்டும் வரவில்லை. ஒரு பக்கம் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது, மறுபக்கம் பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மில்லில் ஒரு மூட்டை அரைத்து முடித்து அடுத்ததைக் கொட்டும் இடைவெளிக்காக இருவரும் காத்துக்கொண்டிருந்தோம். அது வந்ததும் தாழ்ந்த குரலிலேயே கேட்டேன்.

"எங்கே போகணும்?"

"தூரமா" என்றார்.

வரும் சனிக்கிழமை வண்டியை அனுப்பிவையுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், தைரியராஜுக்குப் பிடித்த ஊராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அவசரமில்லாமல் ஓட்டினால் போதும்.

கமலவல்லி